விரல் சொல்லும் சாட்சி

1858ஆம் ஆண்டில், சிப்பாய்க் கலகத்தின் சூடு இன்னும் தணியாதிருந்த நாட்களில், வங்காளத்து ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற இருபத்தைந்து வயது ஆங்கிலேயர், சாலை போடுவதற்குச் சரளை கொண்டுவந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியபோது, கையெழுத்தோடு திருப்தியடையாமல், அவருடைய உள்ளங்கையிலும் விரல்களிலும் மையைத் தடவச் செய்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் அழுத்திப் பதிய வைத்தார். 'இது என் கையெழுத்தே அல்ல' என்று அந்த மனிதர் பிற்காலத்தில் சாதிக்காதபடி அச்சுறுத்தி வைப்பதைத் தவிர ஹெர்ஷலுக்கு அப்போது வேறு நோக்கம் இருந்ததில்லை. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானியல் மேதையின் பேரரான அவர், அந்த முதல் பதிவோடு விட்டுவிடாமல், தம்முடைய விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து பதிந்து ஒப்பிட்டு, காலம் எத்தனை சென்றாலும் ரேகையின் அமைப்பு மாறுவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1877இல் ஹூக்ளி ஜில்லாவின் மாஜிஸ்திரேட்டாக ஆனபோது அந்த முடிவைச் சர்க்கார் காரியத்துக்கே பயன்படுத்தினார்: பென்ஷன் வாங்குவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைக்குச் செல்வோர் ஆகிய மூன்று வகையினரிடமும் விரல்ரேகை வாங்க ஏற்பாடாயிற்று. பென்ஷன்காரர் காலமான பிறகும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்து பணம் பெற்றுப் போவதும், தண்டனை பெற்றவனுக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் பிடித்துச் சிறையில் வைப்பதும் அக்காலத்து அதிகாரிகளைக் கவலைப்பட வைத்த மோசடிகள்.

இன்று நவம்பர் மாதத்தில் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவரும் சிறு கருவியில் விரலை வைத்துத் தாம் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கொடுக்கும் ஓய்வூதியரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரத்துக்குப் பெருவிரல் பதிக்கும் விவசாயியும், ஹூக்ளியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் சந்ததியிலேயே வருகிறார்கள். பயோமெட்ரிக் என்று நாம் இப்போது சொல்லும் உடல் அடையாள முறை, அமெரிக்காவில் பிறந்து நேற்று இந்தியாவுக்கு இறக்குமதியான நூதன வஸ்து அல்ல. அதன் பிறப்பிடங்களில் முக்கியமானது நம் நாடு. ஆகவே அதன் குணத்தையும் தோஷத்தையும் ஆராயும் கடமை நமக்கு மற்றவர்களைவிட ஒருபடி அதிகமாகவே உண்டு.

ரேகைகளைச் சேகரிப்பது சுலபம். லட்சக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே ஒன்றைத் தேடி எடுப்பதே பெரிய கஷ்டமாக இருந்தது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் 1892இல் விரல்ரேகைகளைப் பற்றி வெளியிட்ட நூலில், இரு விரல்களின் ரேகைகள் முற்றும் ஒன்றாக அமைவதற்கான வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்று கணக்கிட்டுக் காட்டினாரே தவிர, தேடும் வழியை அவரால் திருப்திகரமாக வகுக்க முடியவில்லை. அதை வகுத்த பெருமை கல்கத்தாவைச் சேர்ந்தது. வங்காளப் போலீஸ் தலைவரான எட்வர்டு ஹென்றியிடம் வேலை பார்த்த அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள், பத்து விரல்களில் ஒவ்வொன்றிலும் சுழி உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அதற்கு வரும் பதில்களைக் கொண்டு மொத்தப் பதிவுகளையும் 1,024 பிரிவுகளாகப் பகுக்கும் கணித முறையை அமைத்தார்கள். வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக அமைந்த மர அறைகளில் அந்தப் பதிவுகளை அடுக்கிவிட்டால், எத்தனை ஆயிரம் காகிதங்களுக்கு நடுவிலும் வேண்டியதைச் சில நிமிஷங்களில் எடுத்துவிடலாம். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் ஏற்பட்டது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அந்த முறையைக் கைக்கொண்டது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆனால் உலகம் அந்த முறைக்கு இட்ட பெயர் ஹென்றி முறை. உழைத்த இருவருக்கும் பட்டமும் வெகுமதியும் வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தன என்பதை நினைக்கையில் இன்றும் மனம் வருந்துகிறது.

அந்த நிலையம் தோன்றிய மறு ஆண்டிலேயே, 1898இல், அதன் திறமையைப் பரீட்சித்த ஒரு வழக்கு வந்தது. ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டுப் பணம் போயிருந்தது. உள்ளே கிடந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றின் மேலுறையில் மங்கலான பழுப்புக் கறை இருந்தது. அதைக் கல்கத்தாவில் சோதித்தபோது, அந்த மானேஜரிடம் முன்பு வேலை செய்து திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்த ஒருவனுடைய வலது பெருவிரலின் ரேகை என்று தெரிந்தது. அவன் பிடிபட்டான். வழக்கை விசாரித்தவர்கள், ரேகை அவனுடையதே என்பதையும் அவன் அந்த அறையில் திருடினான் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் அவனே கொலை செய்தான் என்பதற்கு அந்த ரேகை ஒன்று மட்டும் போதாது என்று சொல்லி, திருட்டுக்குத் தண்டித்துக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். விரல் என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு, விஞ்ஞானம் பன்மடங்கு வளர்ந்த பிற்காலத்திலும் அபூர்வமாகவே காணப்படுகிறது. 2004இல் மாட்ரிட் நகரத்து ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, ஸ்பெயினில் கிடைத்த ஒரு பையின் மேலிருந்த ரேகை தங்கள் நாட்டு ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிச்சயித்து, அவரை இரண்டு வாரம் காவலில் வைத்தது. ஸ்பெயின் போலீஸார் அது வேறொருவருடைய ரேகை என்று கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, 20 லட்சம் டாலர் நஷ்டஈடும் கொடுத்தது. தேர்ந்த நிபுணர்களே பார்த்துச் சொன்ன முடிவு அது என்பதை மறக்கலாகாது.

இனி, இன்றைய கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதன் நன்மை தீமை இரண்டும் அந்த வேலை முறையிலேயே அடங்கியிருக்கின்றன. கண்ணாடித் தட்டின்மேல் விரலை வைத்ததும் கருவி அதைப் படம் பிடிக்கிறது; பிறகு, ரேகைக் கோடு ஒன்று எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றி, முன்பே சேமித்து வைத்திருக்கும் எண்களோடு ஒப்பிடுகிறது. கருவிழியிலும் இதே தத்துவந்தான். கருமணியைச் சுற்றியிருக்கும் நாரிழைகளின் கோலம் இரட்டைப் பிறவிகளுக்குள்ளும், ஏன், ஒரே மனிதரின் இரு கண்களுக்குள்ளும் வேறுபடுவதால், அதை எண்களாக்குவது இன்னும் நுட்பமான அடையாளமாகிறது. ஆனால் ரகசியச் சொல் ஒன்றைத் தட்டச்சுச் செய்தால் அது சரி அல்லது தவறு என்று இரண்டில் ஒன்றாக முடிந்துவிடுவதுபோல், உடல் அடையாளம் முடிவதில்லை. ஒரே விரலை இரண்டு முறை வைத்தால் இரண்டு பதிவுகளும் சிறிதாவது மாறியே இருக்கும். அழுத்தம் மாறும், ஈரம் மாறும், கோணம் மாறும். ஆகவே கருவி சொல்வதெல்லாம், இரண்டும் எவ்வளவு தூரம் ஒத்திருக்கின்றன என்ற ஒரு மதிப்பெண்தான். அந்த மதிப்பெண் எத்தனைக்கு மேல் போனால் 'ஆம்' என்று கொள்வது என்பதை மனிதர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கினால் கல்லோடு நல்ல அரிசியும் மேலே தங்கிவிடும். பெரிதாக்கினால் அரிசியோடு கல்லும் இறங்கிவிடும். அந்நியரை உள்ளே விடும் பிழையையும் உரியவரை வெளியே நிறுத்தும் பிழையையும் ஒருங்கே இல்லாமற் செய்யும் அளவு எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பயோமெட்ரிக்கைப் பற்றிய விவாதங்களில் ஆவேசமாகப் பேசுகிற இரு தரப்பாரும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பாதி வாக்குவாதம் தானாகவே அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆதார் என்ற மாபெரும் காரியம் இந்தப் பின்னணியில்தான் எழுந்தது. 2009இல் அதற்கான ஆணையம் அமைக்கப்பட்டு, 2010 செப்டம்பர் 29ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த தேம்ப்லி என்ற சிற்றூரில் முதல் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரு கருவிழி, ஒரு முகம் என்று பதிவு செய்து பன்னிரண்டு இலக்க எண்ணைக் கொடுக்கும் இம்முறை இன்று 130 கோடிக்கும் மேற்பட்ட எண்களை வழங்கியிருக்கிறது. இதன் பிரயோஜனத்தை மறுப்பவர்கள், பிறப்புச் சான்றும் இல்லாமல், பள்ளிச் சான்றும் இல்லாமல், வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டே பிழைக்கும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வங்கிக் கணக்குத் தொடங்குவது முன்பு எவ்வளவு பிரயாசையான காரியமாக இருந்தது என்பதை அறியாதவர்கள். தன்னைத் தானென்று நிரூபிக்கத் தன் உடலையே ஆதாரமாகக் கொண்டுவரலாம் என்பது காகிதம் இல்லாதவனுக்குக் கிடைத்த பெரிய சௌகரியமே. வீட்டைவிட்டுத் தொலைந்துபோய், பேசவும் ஊர் சொல்லவும் இயலாமல் காப்பகங்களில் ஆண்டுக்கணக்காக இருந்த குழந்தைகளுக்கு ஆதார் எடுக்க முயன்றபோது, 'இந்த ரேகை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று கணினி மறுத்து, அதன் பயனாகவே அவர்களுடைய பெற்றோர் கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் நம் நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை. அந்தத் தாய்மார்களிடம் போய் இந்த விஞ்ஞானம் தீது என்று எவரும் வாதிட முடியாது.

பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளீதரன், பால் நிஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் செய்த இரண்டு ஆராய்ச்சிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பிரிவினைக்கு முந்திய ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. அங்கே நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் விரல்ரேகையோடு கூடிய ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுக்கும் ஏற்பாட்டை, ஏறத்தாழ 1.9 கோடி மக்கள் வாழும் 157 மண்டலங்களில் படிப்படியாக அறிமுகப்படுத்தி அளந்து பார்த்தார்கள். கூலி விரைவாகக் கைக்கு வந்தது. நடுவில் பறிபோவது குறைந்தது. ஏழைகள் எவரும் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டதாகத் தெரியவில்லை. பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் புதிய முறையையே விரும்பினார்கள். இரண்டாவது, சில ஆண்டுகளுக்குப் பின் ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளுக்கு ஆதார் விரல்ரேகை கட்டாயமாக்கப்பட்டபோது செய்தது. அங்கே ரேகை முறை வந்ததால் திருட்டு குறைந்ததாகக் காணப்படவில்லை; ஆனால் ஆதாரை அட்டையோடு இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த தானியம் நூற்றுக்குப் பத்து அளவில் குறைந்துபோயிற்று. விரல் அதே விரல், கருவியும் ஏறக்குறைய அதே கருவி. ஆந்திரத்தில் கூலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முதல் நோக்கமாக வைக்கப்பட்டு, கார்டு இல்லாதவருக்கும் பழைய வழியில் கொடுக்க இடம் விடப்பட்டிருந்தது. ஜார்க்கண்டில் தகுதியில்லாதவனைத் தடுப்பதே பிரதானமாகி, விடுபட்டுப் போனவருக்கு மாற்று வழி அரிதாயிற்று. அந்த மாநிலத்தின் சிம்தேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில், ஆதாரோடு இணைக்கப்படாததால் ரேஷன் அட்டை ரத்தான ஒரு குடும்பத்தில் பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். பசியால் இறந்தாள் என்று தாயார் சொன்னார். நோயால் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வீட்டில் அரிசி இல்லை என்பதையும், அட்டை ரத்தாகியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கும் எவருக்கும் இந்த இரண்டாவது விளக்கம் ஆறுதல் தராது.

ரேகை ஏன் பதிவதில்லை? காரணங்கள் சாதாரணமானவை. வயது ஏற ஏறத் தோல் உலர்ந்து, மேடும் பள்ளமுமான ரேகைகள் தட்டையாகிவிடுகின்றன. செங்கல் சுமப்பவர், சிமெண்ட் குழைப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், சலவைக்காரர் ஆகியோருடைய விரல்களில் ரேகை தேய்ந்தே போகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்பசிட்டபைன் என்ற மருந்தைத் தொடர்ந்து உட்கொண்ட சிங்கப்பூர் முதியவர் ஒருவர், ரேகை அழிந்துபோனதால், 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தியை அவருடைய மருத்துவரே பிறகு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உழைத்து ஓய்ந்தவர், முதிர்ந்தவர், நோயுற்றவர் ஆகிய மூவரையும் இந்தக் கருவி முதலில் சந்தேகிக்கிறது. அரசாங்கத்தின் உதவி முதலில் சென்று சேர வேண்டியவர்களும் அந்த மூவரேயாவர். ஆதார் வழக்கில் 2018இல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தபடி, தேசிய அளவில் விரல்ரேகைச் சரிபார்ப்பில் நூற்றுக்கு ஆறும், கருவிழிச் சரிபார்ப்பில் நூற்றுக்கு எட்டுக்கு மேலும் தோல்வியில் முடிந்தன. நூற்றுக்கு ஆறு என்பது காகிதத்தில் சிறிய எண். கோடிக்கணக்கான ஜனங்கள் மாதந்தோறும் வரிசையில் நிற்கும் நாட்டில் அது எத்தனை குடும்பங்களின் உலைநீர் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பகுதி நியாயவிலைக் கடையில் சில காலத்துக்கு முன் கண்டதைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கருவியில் விரலை வைத்தார். "ரேகை விழல பாட்டி, நல்லாத் துடைச்சிட்டு வையுங்க" என்றார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்தார், எண்ணெய்ப் பசைக்காகத் தலைமுடியில் தேய்த்தும் வைத்துப் பார்த்தார், ஆள்காட்டி விரல், நடுவிரல், மறு கையின் பெருவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்தார். கருவி ஒவ்வொரு தடவையும் மறுத்தது. "நாப்பது வருஷம் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்ச்ச கை தம்பி, இதுல ரேகைக்கு எங்க போறது?" என்றார் அவர், கையை விரித்துக் காட்டி. ஓடிபி வரும் செல்போனோ திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அப்போது அந்த விற்பனையாளர் மேலதிகாரி ஒருவரிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பதிவேட்டை எடுத்து அட்டையின் எண்ணைக் குறித்து, பாட்டியிடம் மை ஒற்றிய பெருவிரல் பதிவு வாங்கிக்கொண்டு, அரிசியையும் பருப்பையும் எடை போட்டுக் கொடுத்தனுப்பினார். ஹெர்ஷல் காலத்து மையே அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தது. பரிசீலித்து முடிவெடுக்க ஒரு மனிதரும், எழுதி வைக்க ஒரு நோட்டும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகை முறை வந்தபோது இத்தகைய இடைஞ்சல்கள் ஏராளமாக எழுந்தன. ரேகை பதியாவிட்டாலும் பொருளை மறுக்கலாகாது என்ற உத்தரவும், நேரில் வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் வேறொருவரை நியமிக்கும் படிவமும், பிறகு கருவிழிக் கருவிகளும், 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின் கீழ் முதியோருக்கு வீட்டிலேயே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடும் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. இவை மனமாரப் பாராட்டத்தக்கவை. அனைவருக்கும் ரேஷன் என்ற பழைய கொள்கையை இந்த மாநிலம் கைவிடாததே இவற்றுக்கெல்லாம் அஸ்திவாரம்.

விலக்கப்படுவது ஒரு தீங்கு என்றால், திருடப்படுவது மற்றொன்று. யோக்கோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுத்தோமு மட்சுமோட்டோ 2002இல், மிட்டாய் செய்யப் பயன்படும் ஜெலட்டினைக் கொண்டு போலி விரல் செய்து, அக்காலத்துக் கருவிகளில் பலவற்றை ஏமாற்றிக் காட்டினார். அது ஆராய்ச்சிச் சாலையில் நடந்தது. 2018இல் தெலங்கானாவில், இணையத்தில் கிடைத்த பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த பெருவிரல் பதிவுகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்யும் முறையிலேயே போலி ரேகைகள் தயாரித்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிய ஒருவரைப் போலீஸார் கைது செய்தார்கள். கிராமங்களில் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணும் விரலும் காட்டினாலே பணம் எடுக்கலாம் என்ற வசதி வந்த பிறகு, இதே போலி ரேகைகளைக் கொண்டு எளியவர்களின் கணக்கிலிருந்து பணத்தைச் சுரண்டும் கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. அமெரிக்க அரசாங்கத்தின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 2015இல் வெளியான தகவல்படி 56 லட்சம் பேருடைய விரல்ரேகைகள் களவுபோயின. பூட்டு உடைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். ரகசியச் சொல் வெளிப்பட்டால் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். ரேகை களவுபோனால் வேறு விரல் வாங்க வழியில்லை. இதையே இந்த முறையின் ஆகப் பெரிய தோஷமாக நான் கருதுகிறேன். எதை மாற்ற முடியாது என்பதால் அடையாளத்துக்கு உகந்தது என்றோமோ, அதே காரணத்தால் இழந்தபின் அதற்குப் பரிகாரமும் இல்லாமல் போகிறது.

முகத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கும் முறை இவற்றினும் விபரீதமானது; ஏனெனில் விரலைக் கொடுப்பவருக்குத் தாம் கொடுப்பது தெரியும், முகத்தைத் தெருவோரக் கேமரா எடுத்துக்கொள்வது ஒருவருக்கும் தெரியாது. ஒருவரை அவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிடுவது வேறு, கூட்டத்திலுள்ள ஒருவரை லட்சக்கணக்கான முகங்களோடு ஒப்பிட்டுத் தேடுவது வேறு. பின்னதில் பிழைக்கு இடம் பன்மடங்கு அதிகம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், பல மென்பொருள்கள் வெள்ளையரைவிட ஆசியர், கறுப்பர் முகங்களில் பத்து முதல் நூறு மடங்குவரை அதிகமாக ஆள்மாறாட்டப் பிழை செய்வது தெரியவந்தது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகரில், கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருடியதாக மென்பொருள் காட்டிய முகத்தை நம்பி, சம்பந்தமே இல்லாத ஒரு கறுப்பரை அவருடைய மனைவி மக்கள் முன்னிலையில் விலங்கிட்டு அழைத்துப்போய் ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலக் காவல்துறைகள் இப்போது முகம் காணும் மென்பொருளைக் கையாள்கின்றன. ஐரோப்பிய யூனியன் தன் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொது இடங்களில் போலீஸார் நேரடியாக முகம் தேடுவதைச் சில விலக்குகளோடு தடை செய்திருக்கிறது. அத்தகைய சட்டம் இங்கே இல்லை. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ, கைதானோரின் ரேகையையும் கருவிழியையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் கொடுக்கிறது. 2023இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்கு விதிக்கும் கட்டுப்பாடுகளிலிருந்து அரசாங்க அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்துக்கே கொடுத்திருப்பதும் கவலைக்குரியது.

நிர்ப்பந்தத்துக்கும் சம்மதத்துக்கும் உள்ள பேதத்தை நம்மவர்கள் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்து அதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சர்க்கார், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் பத்து விரல்களையும் பதித்துச் சான்று வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர முற்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் நகரத்து எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள், சிறை சென்றாலும் பணிவதில்லை என்று பிரமாணம் செய்தார்கள். பின்னாளில் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்ற இயக்கம் விரல்ரேகையை மறுத்ததிலிருந்துதான் தொடங்கிற்று. 1908 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டு, நாமே மனமுவந்து கொடுப்பதானால் அவமானமில்லை என்று காந்தியடிகள் விரல் பதிக்கப் புறப்பட்டபோது, அதைத் துரோகமாக எண்ணிய சிலர் பிப்ரவரி 10ஆம் தேதி வழிமறித்து அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினார்கள்; உடன் சென்ற தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்த தமிழர், அடிகளைத் தாம் தாங்கிக் காயமுற்றார். சர்க்கார் வாக்குத் தவறவே, ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹமீதியா மசூதி வளாகத்தில் இரும்புக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான சான்றுகள் எரிக்கப்பட்டன. அடையாளம் கொடுப்பதை அவர்கள் எதிர்க்கவில்லை. குற்றவாளியைப்போல் கொடுக்க வைப்பதையே எதிர்த்தார்கள்.

நம் காலத்தில் ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி ஐவர் அமர்வு, பெரும்பான்மையாக, அரசாங்க மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றும், வங்கிக் கணக்குக்கும் செல்போன் இணைப்புக்கும் கட்டாயப்படுத்தலாகாது என்றும், ரேகை பொருந்தாத காரணத்தால் உரியவருக்கு உதவியை மறுக்கலாகாது என்றும் வரையறுத்தது. என் முடிவும் இதை ஒட்டியதே, சற்றுக் கூடுதலான அழுத்தத்தோடு: கருவியின் 'ஆம்' என்ற வார்த்தையை நம்பி உதவியைக் கொடுக்கலாம், அதன் 'இல்லை' என்ற வார்த்தையை மட்டும் நம்பி ஒருவருக்கும் எதையும் மறுக்கலாகாது. மறுப்பதற்குப் பொறுப்பேற்று, காரணத்தை எழுதிக் கையெழுத்திட ஒரு மனிதர் இருக்க வேண்டும். ரேகை பொருந்தவில்லையென்றால் தன்னை நிரூபிக்கும் பாரம் பசியோடு வந்தவர்மேல் விழலாகாது, சந்தேகிக்கும் சர்க்கார்மேல் விழ வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சிலவும் உண்டு. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் விரல்ரேகையையும் கருவிழியையும் பூட்டி வைத்து, வேண்டும்போது மட்டும் திறக்கலாம்; பெற்றோருடையதையும் பூட்டிக் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ரேகையைப் புதுப்பிக்க மறவாதீர்கள். விடுதியிலும் கடையிலும் ஆதார் நகல் கேட்டால் எண்ணின் பெரும்பகுதி மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுங்கள். ஐயமிருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெரு ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று ஒரு முதியவர் வெறும் பையோடு திரும்பக் கண்டால், அவரை மறுபடி கடைக்கு அழைத்துச் சென்று, பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்குமாறு கேளுங்கள். அவர் சார்பில் பொருள் வாங்கும் படிவத்தில் உங்கள் பெயரைக் கொடுக்க முன்வாருங்கள்.